ஆணி நிற்காத மணலில் கூடாரம்

கடையில் விற்கும் நாலு பேர் கூடாரத்தோடு பத்துப் பன்னிரண்டு இரும்பு ஆணி வரும். ஒரு சாண் நீளம், பென்சில் தடிமன்கூட இருக்காது. அரியமான், உச்சிப்புளி பக்கத்து மணலில் அதைக் கட்டை விரலாலேயே அழுத்தி இறக்கிவிடலாம். எடுப்பதும் அதே அளவு சுலபம். காற்றுக்கு இன்னும் சுலபம். கோடை விடுமுறையில் ராமநாதபுரம் கரையில் பிள்ளைகளோடு இரண்டு இரவு தங்கப் போகிறவர்களுக்கு வரும் கோளாறில் பாதி இந்த ஆணியில் தொடங்கும். மிச்சப் பாதியைக் கருவேல முள்ளும் உப்பும் பார்த்துக்கொள்ளும்.

முதலில் இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் இருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கூடாரம் என்ற பேச்சே இல்லை. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் ஆள் தங்க விடுவதில்லை. ஆகவே மிஞ்சுவது கரையோரத் தனியார் தோப்புகள்தான். உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, கிணற்றுத் தண்ணீரைத் தொடலாமா, கழிப்பறை உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தென்னைக்கு நேர் கீழே கூடாரம் போட வேண்டாம். தேங்காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே கூடாரக் கம்பி இரண்டாகும்.

வடகடலா தென்கடலா என்பது அடுத்த கேள்வி. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். மே பாதியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிட்டால் தென்கடல் கரையில் நாள் முழுக்க அலையும் மணல் வீச்சும்தான். சோற்றில் மணல், கண்ணில் மணல். வடகடல் அப்போது குளம்போலக் கிடக்கும். குடும்பத்துக்கு வடகடல் கரைதான் சரி. ஆனால் அந்த அமைதியிலும் ஒரு பொறி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கச்சான் விடியற்காலையில் கொஞ்சம் தணிந்து, வெயில் ஏற ஏறத் தானும் ஏறும். எனவே கூடாரம் போடுவதும் பிரிப்பதும் காலை எட்டு மணிக்குள் முடியட்டும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னலைச் சிவப்பாக்கி ரயிலை நிறுத்தினார்கள். பிள்ளைகளோடு படுக்கும் மலிவுக் கூடாரம் அதற்கு வெகு முன்னாலேயே கை விரித்துவிடும். காற்றுச் செயலியில் வேகம் 35-க்கு மேல் காட்டினால், அன்றிரவு திண்ணையிலோ அறையிலோ படுப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சாக்கு நங்கூரம்

உலர்ந்த மணலில் துகளுக்குத் துகள் ஒட்டுதல் கிடையாது. மெல்லிய ஆணியைச் சுற்றி மணல் நகர்ந்து வழி விட்டுவிடும். அகலமான ஒன்றைப் படுக்கையாகப் புதைத்தால் கதை வேறு: அதை இழுக்க வேண்டுமானால் மேலே கிடக்கும் மணல் மொத்தத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். இதற்கு 25 கிலோ அரிசிச் சாக்கோ உரச் சாக்கோ போதும். உரச் சாக்கை இரண்டு தண்ணீர் அலசிக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

இரண்டரை மீட்டர் சதுரக் கூடாரம் ஒன்றுக்கு எட்டுச் சாக்கு: நாலு மூலைக்கு நாலு, பக்கக் கயிறுகளுக்கு நாலு. தென்மேற்குப் பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக இரண்டு. கயிறு 6 மி.மீ. தடிமன், ஒவ்வொன்றும் 3 மீட்டர். நைலான் ஈரம் பட்டால் நீளும். விடிகாலைப் பனியில் கயிறு தொங்கிப்போய்க் கூடாரம் படபடவென்று அடிப்பது அதனால்தான். பாலியெஸ்டர் கயிறு கிடைத்தால் இந்தத் தொல்லை குறையும். நைலான்தான் என்றால் படுக்கப் போகுமுன் ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை இறுக்க வேண்டும்.

சாக்கில் பாதி மட்டும் மணல் அள்ளுங்கள், எட்டுப் பத்துக் கிலோ வரும். முழுக்க நிரப்பினால் உருண்டை ஆகிவிடும், பிடிமானம் குறையும். வாயைக் கட்டி, கயிற்றைச் சாக்கின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கூடாரத்தில் இருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, கயிறு வரும் திசைக்குக் குறுக்காக முழங்கை ஆழம், அதாவது 45 முதல் 50 செ.மீ. வரை பள்ளம் தோண்டிச் சாக்கைப் படுக்க வையுங்கள். இங்கேதான் பலரும் தவறுவது: கயிறு பள்ளத்தில் இருந்து செங்குத்தாக மேலே வந்து பிறகு கூடாரத்துக்குத் திரும்பினால், இழுவை சாக்கை மேல்நோக்கிப் பிடுங்கும். பள்ளத்தில் இருந்து கூடாரத்தை நோக்கி கைவிரல் அகலத்தில் ஒரு சாய்வான வாய்க்கால் கீறி, கயிற்றை அதில் படுக்க வைத்துத்தான் மூட வேண்டும். மூடியதும் காலால் மிதித்து, ஒரு வாளி கடல்நீரை ஊற்றி, மறுபடி மிதியுங்கள். ஈர மணல் இறுகும். மறுநாள் மதியம் காய்ந்துவிடும், அப்போது இன்னொரு வாளி.

சாக்கு போதாவிட்டால் பனை மட்டை இருக்கிறது. தோப்பில் காய்ந்து கிடக்கும் மட்டையை ஒன்றரை அடித் துண்டாக வெட்டி அதையே படுக்கையாகப் புதைக்கலாம். ஆனால் மட்டையின் இரு ஓரத்திலும் இருக்கும் கருக்கு ரம்பம் மாதிரி. கயிறு அதில் உரசினால் ஒரே இரவில் அறுந்து நிற்கும். கயிறு சுற்றும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு இரு ஓரக் கருக்கையும் அரிவாளால் சீவி, பழைய துணியைச் சுற்றி, அதன் மேல் கட்டுங்கள். சீவிய கருக்கைப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் போட்டுவிடாதீர்கள்.

வாசல் எந்தப் பக்கம்? காற்றுக்கு முதுகு காட்டி வடகிழக்கே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் விடிந்ததும் வெயில் நேராக உள்ளே வரும். ஏழு மணிக்குக் கூடாரம் இட்லிப் பானை. இதற்கு ஒரே வழி, கிழக்கே மர நிழல் இருக்கும் இடமாகப் பார்ப்பது, அல்லது வாசலுக்கு இரண்டு மீட்டர் முன்னால் தார்ப்பாய் ஒன்றைத் திரைபோலக் கட்டுவது. தார்ப்பாயைக் கூடாரத்தின் மேலேயே போட்டு மூடினால் காற்று போகாமல் உள்பக்கம் வியர்த்துக் கொட்டும். பிள்ளைகள் கூடாரம் ஒழுகுகிறது என்பார்கள். ஒழுகுவது மழை இல்லை, உள்ளே விட்ட மூச்சு.

கம்பி உடைந்தால்

இந்தக் கூடாரங்களின் கம்பி பைபர் கிளாஸ், பெரும்பாலும் 8.5 மி.மீ. நடுவில் உடைவது அபூர்வம். இணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில்தான் நாராகப் பிளக்கும், ஏனென்றால் ஒரு துண்டை அடுத்த குழாய்க்குள் முழுக்கச் செருகாமலே வளைத்திருப்போம், அல்லது நடுவில் மணல் சிக்கி இரண்டு மி.மீ. இடைவெளி விட்டிருக்கும். கோர்க்குமுன் ஒவ்வொரு துண்டையும் ஊதித் துடைப்பது வேண்டாத வேலை மாதிரித் தெரியும். ஆனால் அதுதான் கம்பியைக் காப்பாற்றும்.

வெறும் கையால் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி நார் தோலுக்குள் போய் இரண்டு நாள் அரிக்கும். பிளந்த இடத்தை இன்சுலேஷன் டேப்பால் இறுகச் சுற்றி நாரை அடக்குங்கள். 15 செ.மீ. நீளக் குழாய் ஒன்று வேண்டும், உள்விட்டம் 9 மி.மீ. அளவில். உடைந்த குடையின் நடுத்தண்டுக் குழாயும் சில சமயம் சரியாக அமையும். கம்பித் துண்டைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து எடுப்பது நல்லது. ரம்பத்தால் அறுத்த முனைகளை அரத்தால் மழுக்குங்கள், இல்லாவிட்டால் கூடாரத் துணியைக் கிழிக்கும். துண்டுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிற்றை அறுக்கத் தேவையில்லை. கம்பித் துண்டுக்கு ஒரு முனையில்தான் தடித்த இணைப்பு இருக்கும். அந்தத் துண்டை அடுத்த துண்டில் இருந்து கழற்றிப் பிடித்து, வெறும் முனை வழியாகக் குழாயை நுழைத்து உடைப்பு நடுவில் வரும்படி நிறுத்தி, இரு ஓரத்திலும் டேப் சுற்றினால் போதும். ஓரிரு இரவு தாங்கும். ஊருக்கு வந்ததும் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

முள்

ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம் இல்லாத இடத்தைத் தேடுவதைவிட முள்ளுக்குத் தயாராகப் போவது எளிது. இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் மேலே கிடக்கும் முள்தான் போகும். மணலுக்குள் புதைந்த முள் ஆள் படுத்த பிறகே எழும். இரும்பு வாரியால் ஒரு விரல் ஆழத்துக்கு இரு திசையிலும் வாரி, அதன் மேல் தடித்த தார்ப்பாய் ஒன்றை விரித்து, பிறகு கூடாரம். தார்ப்பாய் கூடாரத் தரையைவிட நாலு விரல் உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் மழை பெய்யும் இரவில் தண்ணீரைச் சேர்த்து அடியில் விடும். பிள்ளைகளுக்கு ஹவாய்ச் செருப்பு வேண்டாம், காய்ந்த முள் அதைத் துளைத்துக் குதிகாலைத் தொடும். அடி தடித்த ஷூதான்.

காற்று மெத்தையில் ஓட்டை விழுந்தால் சைக்கிள் கடை சொல்யூஷன் உதவாது. அது ரப்பருக்கானது, மெத்தை பி.வி.சி. வினைல் பசை தனியாகக் கேட்டு வாங்குங்கள். மெத்தையை ஊதி, சோப்பு நுரையைத் தடவினால் குமிழி விடும் இடம் தெரியும். பேனாவால் வட்டம் போட்டு, காற்றை முழுக்க இறக்கி, மெத்தைப் பரப்பில் வெல்வெட் மாதிரி ரோமம் இருந்தால் பிளேடால் மெதுவாகச் சுரண்டி வழவழப்பாக்குங்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, மூலை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டைப் பசை தடவி வைத்து, மேலே தண்ணீர்க் கேன் ஒன்றைப் பாரமாக வைத்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் காயணும். அன்றிரவே படுத்தால் காலையில் தரையில் கிடப்பீர்கள்.

டயர் முள் வேறு மாதிரி. டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் காற்று ஒரேயடியாக இறங்காது. ஒரு நாளில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. மெல்ல மெல்லக் குறையும். பஞ்சர் கிட்டும் பம்பும் கையில் எடுக்கும்வரை முள்ளைப் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பு. இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, முள்ளைக் குறடால் நேராக இழுத்து, முறுக்குள்ள ஊசியை அதே சாய்வில் ஐந்தாறு முறை உள்ளே வெளியே விட்டுத் துளையைச் சீர்செய்து, திரியைக் கண் ஊசியில் பாதியாகக் கோர்த்துப் பசை தடவிக் குத்துங்கள். வெளியே ஒரு செ.மீ. திரி நிற்கும்போது நிறுத்தி, ஊசியைச் சடாரென்று இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வரும். பக்கச் சுவரில் ஏறிய முள்ளுக்குத் திரி போடக்கூடாது, ஸ்டெப்னிதான்.

கார் மணலில் இறங்கினால்

சக்கரம் சுழன்று கார் நகரவில்லை என்றால் உடனே ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுங்கள். அடுத்த ஐந்து நொடி மிதித்தால் கார் வயிறு மணலில் படிந்துவிடும். அதன் பிறகு வேலை பத்து நிமிடம் இல்லை, இரண்டு மணி நேரம்.

எல்லோரையும் இறக்கி, தண்ணீர்க் கேன்களையும் இறக்குங்கள். புகைக்குழாய் வாயில் மணல் அடைத்திருக்கிறதா பாருங்கள். நாலு டயரிலும் காற்றை 32 பி.எஸ்.ஐ.-ல் இருந்து 18-க்கு இறக்க வேண்டும். 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் பரந்து மணலை அழுத்தும், பாரம் பிரியும். பெரும்பாலான குடும்பக் கார்களுக்கு முன் சக்கரம்தான் இழுக்கிறது, ஆகவே முன் சக்கரத்துக்கு முன்னால் சாய்வாகத் தோண்டி, பனை ஓலையையோ கால்மிதியையோ சக்கரத்துக்கு அடியில் திணியுங்கள். வண்டி வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பது முன்னால் ஓட்டுவதைவிட நல்லது, அங்கே மணல் ஏற்கெனவே அழுந்தி இருக்கும். பின்னோக்கி எடுப்பதானால் தோண்டுவதும் ஓலை போடுவதும் அந்தச் சக்கரத்துக்குப் பின்பக்கம். சக்கரத்துக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது, ஓலை பறந்து வரும். டிராக்டர் கிடைத்தால் கொக்கி வளையத்தில்தான் கயிறு. பம்பரிலோ அச்சிலோ அல்ல.

தார் ரோட்டைத் தொட்டதும் பன்னிரண்டு வோல்ட் பம்பால் மறுபடி 32. குறைந்த காற்றோடு மண்டபத்தில் இருந்து ராமநாதபுரம் வரை ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும். உப்பளப் பக்கத்து வெள்ளைத் தரையில் கார் ஏற்றும் ஆசையே வேண்டாம். மேலே காய்ந்த பொருக்கு, கீழே சேறு. மேலே சொன்ன எதுவும் அங்கே பலிக்காது.

அடுப்பும் ஐஸும்

நாலு பேருக்கு இரண்டு இரவு, மூன்று பகல் என்றால் இருபது லிட்டர் கேன் நாலு. இரண்டு குடிக்க, ஒன்று சமைக்க, ஒன்று உப்புக் கழுவ. கரையோரக் கிணறு பல இடத்தில் உவர்ப்பு, அதை நம்பிக் குறைக்காதீர்கள்.

சிறு கேஸ் கேன் அடுப்பு முழுத் தீயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு கேனைக் காலி செய்யும், காற்றடித்தால் இன்னும் சீக்கிரம். காற்றுக்கு மறைவாக மூன்று பக்கம் செங்கல் வையுங்கள், கேன் இருக்கும் பக்கம் திறந்தே இருக்கட்டும். சூடு கேனுக்குத் திரும்பினால் வெடிக்கும். இதே காரணத்தால்தான் அடுப்பைவிடப் பெரிய தோசைக்கல்லை ஏற்றக்கூடாது. கல்லின் ஓரம் கேனுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கூடாரத்துக்குள் அடுப்பு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அப்போது கரைக்கு வருவது நாட்டுப்படகு மீனும் கரைவலை மீனும்தான். அளவு குறைவு, ருசிக்குக் குறைவில்லை. மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டிதான் மலிவான ஐஸ் பெட்டி. நொறுக்கிய ஐஸ் அரை நாளில் தண்ணீராகும், கட்டியாக வாங்கினால் ஒரு நாள் தாண்டும். மீன் ஐஸ் குடிக்கும் தண்ணீரில் செய்தது அல்ல. அதை நன்னாரி சர்பத்தில் போடாதீர்கள். குடிக்கக் குளிர்ச்சி வேண்டுமென்றால் வீட்டிலேயே இரண்டு பாட்டில் தண்ணீரை உறைய வைத்துக் கொண்டுவாருங்கள். நுங்குக்கு ஐஸே வேண்டாம்.

பிள்ளைகள் தண்ணீரில்

முன்னால் சொன்ன பொறி இது. கச்சான் தென்மேற்கில் இருந்து வருகிறது. வடகடல் கரையில் அது நிலத்தில் இருந்து கடலை நோக்கி வீசும். அலை இல்லை, தண்ணீர் இடுப்பளவு என்று பிள்ளையை ரப்பர் மிதவையில் ஏற்றிவிட்டால், மிதவை பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்து வெளியே போகும். பெரியவர் நீந்தும் வேகத்தைவிட அது வேகம். மிதவைக்கு 15 மீட்டர் கயிறு, கயிற்றின் மறுமுனை கரையில் புதைத்த சாக்கு நங்கூரத்தில். பிள்ளையின் கையில் கட்டாதீர்கள், மிதவையில் கட்டுங்கள். பந்து போனால் போகட்டும், துரத்தி நீந்தக் கூடாது.

கலங்கல் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கப் பழக்குங்கள், திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் பொறுக்கிற அளவு சுடுநீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள். இரண்டுமே மிச்சக் கொடுக்குகளைக் கிளப்பிவிடும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியால் எடுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்க வேண்டாம்.

பிள்ளைகள் பொறுக்கி வைத்த பையை ஊருக்குக் கிளம்புமுன் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். பவளத் துண்டும் கடல் அட்டையும் 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. செத்ததானாலும் எடுத்துப் போகக்கூடாது.

சாவி கடலில் விழுவதும் வருடா வருடம் நடப்பதுதான். ரிமோட் சாவி உப்புத் தண்ணீரில் நனைந்தால் அழுத்திப் பார்க்காதீர்கள். நாணயத்தால் நெம்பித் திறந்து, பட்டன் செல்லை உடனே எடுத்து, பலகையை நல்ல தண்ணீரில் அலசி, பிறகு ஐசோபுரோபைல் ஸ்பிரிட்டில் பழைய பல்துலக்கியால் தடவி, நிழலில் ஒரு நாள் காயவிட்டுப் புதுச் செல் போடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் உப்பு போகாது.

வீட்டுக்கு வந்ததும்

உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கூடாரம் வெயிலில் காய்ந்த மாதிரி இருந்து, பைக்குள் போய் இரண்டு வாரத்தில் பூஞ்சை நாற்றம் அடிப்பது இதனால்தான். மொட்டை மாடியில் விரித்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் காயவையுங்கள். நாள் முழுக்க வெயிலில் போட்டால் துணி நைந்துவிடும். ஜிப்பை முழுக்கத் திறந்து பல்துலக்கியால் மணலைத் தட்டி, காய்ந்த பிறகு மெழுகுவர்த்தியை மேலும் கீழும் தேயுங்கள். எண்ணெய் விட்டால் அடுத்த முறை மணல் முழுக்க அதில்தான் ஒட்டும். ஜிப் மூடிய பிறகும் பின்னால் பிரிந்துகொண்டே போனால் பல் தேயவில்லை, ஓடும் தலை வாய் பிளந்திருக்கிறது. குறடால் இரு பக்கமும் கொஞ்சம், மயிரிழை அளவு அழுத்துங்கள். அதிகம் அழுத்தினால் தலை உடையும், அப்புறம் கூடாரத் தையல்காரரைத்தான் தேட வேண்டும்.

காரின் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவையும் அன்றே தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வீட்டைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கை நாலு முறை மிதித்துக் காயவையுங்கள். சாக்குகளை உதறி, கயிறுகளைக் கழற்றாமல் அப்படியே சுருட்டிக் கூடாரப் பைக்குள் வையுங்கள். கூடாரத்தோடு வந்த ஆணிகளை வெளியே எடுத்துவிடலாம். தார்ப்பாய்த் திரைக்கு நாலு போதும்.